காத்திருக்க அறியாத கனி

இலண்டன் மாநகரின் மேற்கே, தேம்சு நதிக்கரையில், ஐசில்வேத் என்னும் ஊர் உண்டு. இன்று அது மாநகரின் கட்டடங்களுள் மறைந்துபோன ஒரு பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அது தோட்டங்கள் நிறைந்த கிராமமாய் இருந்தது. அங்கே ஸ்ட்ரோபெரி பழுக்கும் காலம் வந்தால் பெண்கள் கூட்டங் கூட்டமாகத் தலையிற் கூடை சுமந்து, இலண்டனின் கொவன்ற் காடின் சந்தையை நோக்கி விரைந்து நடப்பர்.

இப்பெண்களைக் கண்டு எழுதிவைத்தவர் சேர் றிச்சட் பிலிப்ஸ். இலண்டனிலிருந்து கியூ வரை காலைவேளையில் நடந்து சென்று தாம் கண்டவற்றை 1817ஆம் ஆண்டில் அவர் ஒரு நூலாக வெளியிட்டார். இவர்களிற் பெரும்பாலோர் சுறொப்சயர், வேல்சு ஆகிய தொலைவிடங்களிலிருந்து அப்பருவத்துக்கென்றே நடந்து வந்த ஏழைப் பெண்கள் என்பது அவர் தரும் செய்தி. ஒவ்வொருத்தியின் தலையிலும் 40 முதல் 50 இறாத்தல் வரை பாரம். ஐசில்வேத்திலிருந்து சந்தைக்கு 13 மைல் என்றும், நாளொன்றுக்கு இரு முறை அவ்வழியைச் சுமையோடு கடந்தனர் என்றும் அவர் கணக்கிட்டார். அண்மையிலுள்ள பிறென்ற்போட்டிலிருந்து வந்தவர்கள் மூன்று முறை நடந்தனர். ஹமர்சிமித்திலிருந்து வந்தவர்கள் நான்கு முறை நடந்தனர். உணவுச் செலவும் திரும்பிவரும் வண்டிக் கூலியும் போக நாளுக்கு ஏறக்குறைய 5 சிலிங் மிஞ்சும். பருவம் 40 நாள். ஆகவே முழுப் பருவத்துக்கும் மிஞ்சுவது 10 பவுண். இந்தக் கூலி, அப்பழத்தை உண்டு மகிழும் செல்வர்க்குத் தகாத கூலி என்று பிலிப்ஸ் மனம் வருந்தி எழுதினார்.

குதிரையும் வண்டியும் இருந்த நாட்டில் இப்பழம் மட்டும் ஏன் மனிதர் தலையில் ஏறிற்று? அக்காலத்து வண்டிகள் குண்டுங் குழியுமான தெருவில் ஓடும்போது ஒவ்வொரு குலுக்கலும் பழத்துக்கு ஓர் அடியாக விழும். காலையில் அடிபட்ட பழம் மாலையில் நீர் விடும். மறுநாள் பூஞ்சணம் பூக்கும். நடக்கத் தெரிந்த பெண்ணின் தலையிலோ கூடை அசையாது. வண்டிக்கு இல்லாத வில்லை அவளுடைய கழுத்தும் முதுகும் வழங்கின.

ஸ்ட்ரோபெரியின் வரலாறு பெரும்பாலும் இத்தகைய ஓட்டங்களின் வரலாறே. அதனை உணர்வதற்கு அப்பழத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

நம் வீடுகளில் முற்றிய மாங்காயைப் பறித்து வைக்கோலுக்குள் வைத்தால் சில நாளிற் கனிந்துவிடும். வாழைக்குலையும் அவ்வாறே. அவை மரத்தைப் பிரிந்த பின்னரும் கனியும் வல்லமை உடையவை. ஆதலால் காயாகப் பறித்து, தொலைவுக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்திற் பழுக்க வைக்கலாம். ஸ்ட்ரோபெரி அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. பறித்த பின்னர் அதன் சிவப்பு சற்றே ஏறலாம், இனிப்பு ஏறாது. ஆகவே பழுத்த பின்னரே அதனைப் பறித்தல் வேண்டும். பழுத்த கனிக்கு அடுத்த நிலையோ அழுகலன்றி வேறில்லை.

அன்றியும், அதற்குக் காவல் ஏதும் இல்லை. தோடம்பழத்துக்குத் தடித்த தோல் உண்டு. தேங்காய்க்கு மட்டையும் சிரட்டையும் உண்டு. ஸ்ட்ரோபெரியில் நாம் உண்ணும் சதை, தாவரநூலார் கருத்தில், பூவின் அடித்தளம் பருத்து உண்டானது. அதன் மேற்புறத்தில் விதைபோலத் தோன்றும் சிறு புள்ளிகளே உண்மையான கனிகள். நூற்றில் தொண்ணூறு பங்கு நீராலான அச்சதையை மூடுவது மெல்லியதொரு படலம் மட்டுமே. விரலால் அழுத்தினாலே அது கன்றிப்போகும்.

பறித்த பழமும் உயிருள்ள பொருளே. அது மூச்சு விடுகின்றது. மூச்சு விடுந்தோறும் தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவழித்து வெப்பத்தை வெளிவிடுகின்றது. உறைநிலைக்கு அருகில் வைத்த ஸ்ட்ரோபெரியைக் காட்டிலும் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்தது ஏறக்குறைய எட்டு முதல் பத்து மடங்கு விரைவாக மூச்சு விடும். அது உண்டாக்கும் வெப்பம் கூடையினுள்ளே தங்கி, அந்த மூச்சை மேலும் விரைவாக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலாகச் சாம்பற் பூஞ்சணம் என்னும் பகை ஒன்று உண்டு. அதன் வித்து பெரும்பாலும் செடி பூத்திருக்கும் காலத்திலேயே பூவினுட் புகுந்துவிடும். காய் பச்சையாயிருக்கும் வரை அது உறங்கிக் கிடக்கும்; பழம் சிவந்து மென்மையானதும் விழித்தெழும். கண்ணுக்குக் குற்றமற்றதாய்த் தோன்றும் பழமும் தன் அழிவை உள்ளே சுமந்துகொண்டே கூடைக்கு வரலாம். பூஞ்சணம் பிடித்த ஒரு பழம் தன்னைத் தொட்டிருக்கும் பழத்தைப் பற்றும். அது அடுத்ததைப் பற்றும். இன்னொரு வகைப் பூஞ்சணம் பழத்தைக் கரைத்துச் சாறாக ஒழுகச் செய்யும். ஆனால் அது 5 பாகைக்குக் கீழே வளராது. சாம்பற் பூஞ்சணமோ உறைநிலையிலும் முற்றாக அடங்குவதில்லை. மெல்ல வளரும், அவ்வளவே.

இவை பின்னாளில் ஆராய்ந்து அறியப்பட்டவை. ஐசில்வேத் பெண்கள் அறிந்திருந்தது நேரம் பொல்லாதது என்ற ஒன்றைத்தான்.

இனி, அவர்கள் சுமந்த பெரிய பழம் ஐரோப்பாவின் பழங்காலப் பழமும் அன்று. ஐரோப்பியக் காடுகளில் வளர்ந்த ஸ்ட்ரோபெரி சுண்டுவிரல் நுனியளவே இருக்கும். பெரிய பழத்தின் கதை தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலே தொடங்குகின்றது. 1712ஆம் ஆண்டில், பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி, பிறெசியே என்னும் படைப் பொறியியலாளரை ஸ்பானியர் வசமிருந்த அக்கரையின் கோட்டைகளை உளவறிய அனுப்பினார். கோட்டைகளை அளந்த அவர் கண், அங்கே உள்நாட்டு மக்கள் பயிரிட்ட பெரிய ஸ்ட்ரோபெரியிலும் விழுந்தது. அவருடைய குடும்பப் பெயரே பிரெஞ்சு மொழியில் ஸ்ட்ரோபெரியைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது என்பது விந்தையான ஒற்றுமை.

பழத்தைக் கொண்டுவருதல் ஆகாத காரியம். ஆதலால் அவர் செடிகளைக் கப்பலில் ஏற்றினார். ஆறு மாதக் கடற்பயணம். குடிநீரோ அளந்து கொடுக்கப்படும் பொருள். 1714இல் மார்செய் துறைமுகத்தை அடைந்தபோது உயிரோடு எஞ்சியவை ஐந்து செடிகள். அவற்றுள் இரண்டைச் செடிகளுக்கு நீர் தந்த கப்பற் சரக்கு அதிகாரிக்கே கொடுத்துவிட்டார். வந்த செடிகள் யாவும் பெண் பூவே பூத்தன. ஆகையால் தனித்து நின்றபோது காய்க்கவில்லை. வட அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலிருந்து முன்னரே வந்திருந்த இன்னொரு ஸ்ட்ரோபெரி அருகில் நின்ற இடங்களிலேதான் அவை காய்த்தன. இவ்விரண்டின் கலப்பிற் பிறந்ததே இன்று உலகெங்கும் பயிராகும் ஸ்ட்ரோபெரி. இந்த உண்மையை ஆராய்ந்து 1766இல் நூலாக எழுதிய டியூசேன் அப்போது இருபது வயதும் நிரம்பாத இளைஞர். ஐசில்வேத்திலே மைக்கல் கீன்சு என்னும் தோட்டக்காரர் 1821இல் காட்சிக்கு வைத்துப் புகழ்பெற்ற பெரும்பழம் இந்தப் புதிய குலத்தைச் சேர்ந்தது.

செடி ஆறு மாதம் கடலைத் தாங்கிற்று. பழம் ஆறு நாளும் தாங்கவில்லை. இந்த முரணைத் தீர்க்க மனிதர் கண்ட மிகப் பழைய வழி சீனி. பழத்தைச் சீனியோடு காய்ச்சினால், சீனி அதிலுள்ள நீரைத் தன்னோடு பிணித்துக்கொள்ளும். பூஞ்சணத்துக்கு வேண்டிய நீர் கிட்டாது. இவ்வழி நெடுங்காலம் செல்வர் வீட்டுச் சமையலறையோடு நின்றது. பிரித்தானியாவிற் சீனி மீதான வரி 1874இல் நீக்கப்பட்ட பின்னரே பழப்பாகு தொழிற்சாலைப் பொருளாகி, தொழிலாளர் வீட்டுப் பாணுக்கும் வந்து சேர்ந்தது. (அந்தச் சீனியை மேற்கிந்தியத் தீவுகளிலே விளைவித்த அடிமைகளின் கதை தனியொரு பேச்சுக்குரியது.) ஆனால் பாகு வேறு, பழம் வேறு. காய்ச்சிய ஸ்ட்ரோபெரி நல்ல உணவுதான். எனினும் காலைப் பனியிற் பறித்த பழத்தின் மணம் அதனிடம் இல்லை. சந்தை கேட்டது அந்த மணத்தை.

புகையிரதம் வந்ததும் பெண்களின் நடை ஓய்ந்தது. இங்கிலாந்தின் தென்கரையில், ஹம்சயர் மாவட்டத்துச் சுவானிக் என்னும் ஊரில் 1889இல் புகையிரத நிலையம் திறக்கப்பட்டது. பருவகாலத்தில் அங்கிருந்து ஸ்ட்ரோபெரிக்கென்றே தனிப் புகையிரதங்கள் புறப்பட்டன. தோட்டக்காரரின் வண்டிகள் நிலைய வாயிலில் நீண்ட வரிசையாய்க் காத்து நிற்கும். சிறு விவசாயிகள் பலர் அதனால் வாழ்ந்தனர். இங்கிலாந்து சிறிய நாடு. ஓரிரவில் எந்தச் சந்தையையும் அடையலாம். வேகம் ஒன்றே அங்கே போதுமானதாயிற்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது போதவில்லை. இலினோய் மாநிலத்தின் தென்கோடியிற் கொப்டன் என்னும் ஊர் இருக்கின்றது. அங்கிருந்து சிக்காகோ நகரம் 300 மைலுக்கும் அப்பால். பாக்கர் ஏள் என்ற பழத்தோட்டக்காரர் 1866ஆம் ஆண்டளவிற் பெரிய மரப்பெட்டிகளைச் செய்வித்தார். ஒவ்வொன்றிலும் 100 இறாத்தல் பனிக்கட்டியும், குவாட் என்னும் முகத்தலளவில் 200 ஸ்ட்ரோபெரியும் வைத்துப் புகையிரதத்தில் அனுப்பினார். பனிக்காலத்தில் வடக்கே ஏரிகளில் அறுத்து, மரத்தூளுக்குள் மூடிவைத்த பனிக்கட்டியே அக்காலத்துக் குளிர்சாதனம். 1868இல் டிற்றோயிற் நகரத்து மீன் வணிகர் வில்லியம் டேவிசு பனிக்கட்டி வைத்த புகையிரதப் பெட்டிக்கு உரிமம் பெற்றார். சில ஆண்டுகளுள் தெற்கே விளைந்த பழம், வடக்கே இன்னும் குளிர் நீங்காத நகரங்களில் விலையாயிற்று.

இங்கே ஒரு நுட்பம் அனுபவத்தால் விளங்கிற்று. வெயிலிற் பறித்த சூடான பழத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் ஏற்றினால், குளிர் அதன் நடுவை எட்டப் பல மணி நேரம் செல்லும். அதற்குள் பழம் தன் ஆயுளிற் பெரும்பகுதியைச் செலவழித்துவிடும். முதலிற் குளிரச் செய்தல் வேண்டும்; பின்னரே ஏற்றுதல் வேண்டும். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த ஹரல்ட் பவல் கலிபோர்னியாவின் தோடம்பழங்களை ஆராய்ந்து, வழியில் ஏற்படும் அழுகலின் மூலம் பெரும்பாலும் புகையிரதத்தில் இல்லை, பறிப்பவரின் கத்தரிக்கோலும் கட்டுபவரின் கவனமின்மையும் உண்டாக்கிய காயங்களில் இருக்கின்றது என்று காட்டினார். 1908இல் வெளிவந்த அவரது அறிக்கை தோடம்பழத்தைப் பற்றியதாயினும், ஸ்ட்ரோபெரிக்கு அது பன்மடங்கு பொருந்தும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் குளிர்காற்றைப் பெட்டிகளின் ஊடாகவே இழுத்துச் செலுத்தும் விசிறி முறை பரவிற்று. பறித்து ஒரு மணி நேரத்துள் குளிரூட்டத் தொடங்குதலே இன்று நல்ல தோட்டங்களில் விதி.

ஒரு மணி நேரம் இவ்வளவு பெறுமதியானதாயின், பழுத்த தோட்டத்தை விட்டு ஒரு சமூகம் முழுவதும் அகற்றப்பட்டால் என்னாகும்? அதுவும் நிகழ்ந்தது.

பசிபிக் கரையில், சியாற்றில் நகருக்கு எதிரே, பெயின்பிறிச் என்னும் தீவு உள்ளது. அங்கே யப்பானியக் குடியேறிகள் காட்டை வெட்டி ஸ்ட்ரோபெரி பயிரிட்டனர். வாசிங்டன் மாநிலத்தின் 1921ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் நிலத்தைச் சொந்தமாக வாங்குவதைத் தடுத்தது. இருந்தும் அத்தீவின் ஸ்ட்ரோபெரி அவர்களாற் புகழ்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் யப்பான் தாக்கியதும், அமெரிக்க அரசு மேற்குக் கரையிலிருந்த யப்பானிய வம்சாவளியினரை அகற்றத் துணிந்தது. முதல் ஆணை விழுந்தது இச்சிறு தீவின் மீதே. 1942 மார்ச் 24ஆம் நாள் அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஆறு நாள் தவணை. மார்ச் 30ஆம் நாள் 227 பேர், முதியோரும் குழந்தைகளும் உட்பட, துப்பாக்கி ஏந்திய படையினர் சூழப் படகேறினர். அவர்களிற் பெரும்பாலோர் அமெரிக்காவிலே பிறந்த அந்நாட்டுப் பிரசைகள்.

ஸ்ட்ரோபெரி அங்கே பழுப்பது யூன் மாதத்தில். களஞ்சியத்திற் சேர்க்கும் தானியமாயின் உடையவன் திரும்பும்வரை பூட்டிவைக்கலாம்; மாடாயின் அயலவர் வீட்டிற் கட்டலாம். ஓராண்டு உழைப்பின் பயனைச் சில வாரங்களில் மட்டும் தரும் இப்பயிரை என் செய்வது? சில குடும்பத்தார் தம்மிடம் வேலைசெய்த பிலிப்பைன் நாட்டுத் தொழிலாளரிடம் தோட்டங்களை ஒப்படைத்துச் சென்றனர். சிலருக்கு அத்தகைய துணையும் இல்லை. அவர்கள் கலிபோர்னியாவின் பாலைவனத்து மன்சனார் முகாமிலே முட்கம்பிக்குள் இருந்தபோது, தீவிலே பழம் சிவந்தது. அமெரிக்க அரசு இதற்கு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றியது 1988ஆம் ஆண்டில். அவர்கள் படகேறிய துறையில் இன்று ஒரு நினைவுச் சுவர் நிற்கின்றது.

போருக்குப் பின்னர் நிகழ்ந்த மாற்றங்களுக்கு வித்தாயிருந்த ஆராய்ச்சி ஒன்று முன்பே இங்கிலாந்தின் கேம்பிறிச்சில் நடந்திருந்தது. முதல் உலகப் போரின் இறுதியாண்டிலிருந்து பிராங்கிளின் கிட், சிறில் வெஸ்ற் என்னும் இருவரும் அப்பிள் பழங்களை அடைத்த அறைகளில் வைத்துச் சோதித்தனர். அறையிற் பிராணவாயு குறைந்து கரியமில வாயு மிகுந்தால், பழத்தின் மூச்சு மெதுவாகி அது நெடுநாள் கெடாதிருக்கும் என்று 1927இல் விரிவாக வெளியிட்டனர். ஸ்ட்ரோபெரி அப்பிளினும் மிகுதியான கரியமில வாயுவைத் தாங்கவல்லது. சாம்பற் பூஞ்சணமோ அதனைத் தாங்கமாட்டாது சோர்ந்துவிடும். ஆகவே இன்று கலிபோர்னியாவிலிருந்து தொலைவுக்குச் செல்லும் பழப்பெட்டிகளின் அடுக்கை முழுவதும் பிளாத்திக்குப் போர்வையால் மூடி, உள்ளே 10 முதல் 15 வீதம் வரை அவ்வாயுவை நிரப்புகின்றனர். அளவு மிஞ்சினால் பழத்திற் புளித்த நாற்றம் ஏறிவிடும். இத்தனையும் செய்து, உறைநிலையில், ஈரம் காக்கும் காற்றில் வைத்தாலும் கிடைப்பது ஒருவார ஆயுள். மிஞ்சினால் இன்னும் சில நாள்.

பழத்தைக் காப்பதோடு நில்லாமல் பழத்தையே மாற்றவும் முனைந்தனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1945இல் ஐந்து புதிய இனங்களை வெளியிட்டது. அவற்றுட் சாஸ்தா, லாசன் என்னும் இரண்டும் அடுத்த பத்தாண்டு அம்மாநிலத் தோட்டங்களை ஆண்டன. அதன் பின்னர் வந்த இனங்களிற் பல, பிரயாணத்தைத் தாங்கும் உறுதியையும் ஒரு முக்கிய குணமாகக் கொண்டு தெரிந்தெடுக்கப்பட்டவை. பழம் கெட்டியானது, மணம் குறைந்தது என்று பழைய சுவையறிந்தோர் குறைகூறுவர். குறை உண்மையே. ஆயினும், அந்த மென்மையான பழைய பழத்தைத் தோட்டத்தின் அயலில் வாழ்ந்தோரும், பிறர் தலைச்சுமைக்குக் கூலி கொடுக்க வல்லோருமே உண்டனர் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

நம் நாட்டில் ஸ்ட்ரோபெரி நுவரெலியாவின் குளிரிலே விளைகின்றது. அங்கிருந்து கொழும்புக்கு வரும் பழம் ஏறக்குறைய 1,800 மீற்றர் உயரத்திலிருந்து கடற்கரை வெப்பத்துக்குச் சில மணி நேரத்தில் இறங்குகின்றது. மேலே கூறிய மூச்சுக் கணக்கின்படி வழிநெடுகத் தன் ஆயுளைச் செலவிடுகின்றது. வாங்கியவர் செய்யக்கூடியது சிறிதளவேனும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் நைந்த பழத்தையும் பூஞ்சணம் தொட்டதையும் பொறுக்கி நீக்குதல் வேண்டும். எஞ்சியவற்றைக் கழுவாமல், காம்போடு கூடிய பச்சை இதழைக் கிள்ளாமல், கடதாசி விரித்த தட்டில் ஒன்றன்மேலொன்று படாது பரப்பி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். உண்ணும் வேளையிற் கழுவினாற் போதும். முன்கூட்டிக் கழுவிய பழத்தில் தங்கும் ஈரம் பூஞ்சணத்துக்கு விருந்தாகும். இதழைக் கிள்ளிய இடம் அதற்கு வாயிலாகும். பலர் இதனைத் தலைகீழாகச் செய்து, பின்னர் வியாபாரியை நோவர்.

வாயுவும் விசிறியும் குளிரும் வந்த பின்னரும், உண்பதற்கென விற்கப்படும் ஸ்ட்ரோபெரியைப் பறிப்பது இன்றும் பெரும்பாலும் மனிதர் கையே. பறிக்கும் இயந்திரங்கள் சோதனையில் இருக்கின்றன; எனினும் கன்றாமல் பறிக்கும் விரலுக்கு அவை இன்னும் முற்றாக ஈடாகவில்லை. கலிபோர்னியாவின் வற்சன்வில்லில், பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து வந்த தொழிலாளர், தாழ்ந்த பாத்திகளின் இடையே நாள் முழுதும் குனிந்து நடக்கின்றனர். பழம் மறுமுறை தொடப்படலாகாது என்பதற்காக, கடையில் விற்கும் அதே சிறு பெட்டிக்குள் அவர்களே பறித்து அடுக்குகின்றனர். அதன்பின் அப்பழத்தைத் தொடும் அடுத்த கை, அதனை வாங்கி உண்பவருடையது.